சிக்கன யாத்திரை: பழவேற்காடு

யானைக்கவுனியில் இப்போது யானையும் இல்லை, கவுனியும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கும்பினியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் ஒரு வாயிலாக இருந்தது அது. மதிலுக்கு ஆன செலவை ஜனங்களிடமிருந்தே வரியாக வாங்கிவிடலாமென்று அவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணம் ஈடேறவில்லை. வரி போய், வரியின் பெயர் மாத்திரம் வால்டாக்ஸ் சாலை என்று நம் விலாசங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலின் பெரும்பகுதியும் இடிந்து மறைந்துவிட்டது. ஆயினும் நம்மில் பல குடும்பங்கள் இன்னும் அந்த மதிலுக்குள்ளேயே வாசம் செய்வது போலத்தான் காலம் கழிக்கிறோம். விடுமுறை வந்தால் மெரீனா; மிஞ்சிப் போனால் பொருட்காட்சி; அதையும் விட்டால் சினிமாக் கொட்டகை.

அரையாண்டுப் பரீட்சை முடியும் சமயத்தில் பெற்றோர் பலர் வாத்தியார்களாகிய நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன்களை எங்கேயாவது அழைத்துக்கொண்டு போகவேண்டும், ஸார். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஒரு மாதச் சம்பளம் போய்விடுகிறது. கையைக் கடிக்காத இடமாக ஒன்று சொல்லுங்களேன்" என்பார்கள். அத்தகைய பெற்றோருக்காகவே இந்த வாரத்துப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், கடலும் ஏரியும் சரித்திரமும் பட்சிகளும் ஒருங்கே வாய்த்த ஊர் ஒன்று நமக்கு வடக்கே இருக்கிறது. அதன் பெயர் பழவேற்காடு.

முதலில் வழிச் செலவைச் சொல்லிவிடுவோம். நேயர்கள் முதலில் கேட்பதும் அதுவே. யானைக்கவுனியிலிருந்து நடந்துபோய்விடக்கூடிய தூரத்தில் சென்டிரலை ஒட்டி, மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரெயில் நிலையம் இருக்கிறது. அங்கே கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்கவேண்டும். ஆள் ஒன்றுக்கு ஒரு வழிச் சீட்டு பத்து ரூபாய் அளவே. நல்ல ஹோட்டலில் ஒரு காப்பிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 18 கிலோமீட்டர். அரசாங்கப் பஸ் போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸாக வாய்த்தால் ஸ்திரீகளுக்குக் கட்டணமே கிடையாது. 2021ஆம் வருஷம் முதல் தமிழ் நாட்டில் இந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி ஏறிவிட்டால் வெயில் ஏறுமுன் ஊர் போய்ச் சேரலாம்.

ரெயிலில் வலப்புறத்து ஜன்னலோரம் குழந்தைகளை உட்கார வையுங்கள். பேஸின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வரிசையாகச் சரக்கு வண்டிகளும் எண்ணெய்த் தொட்டிகளும் வந்துகொண்டிருக்கும். திருவொற்றியூரில் தியாகராஜ ஸ்வாமியையும் வடிவுடையம்மனையும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. திரும்பும்போது பொழுது மிச்சமிருந்தால் இறங்கித் தரிசித்துவிட்டு அடுத்த வண்டியில் வரலாம். எண்ணூரைத் தாண்டியதும் ரெயில் கொசஸ்தலையாற்றுக் கழியின்மீது பாலத்தில் செல்லும். அங்கே குழந்தைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பட்டணத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் பங்களா கட்டிக்கொண்டு உல்லாசமாகக் காற்று வாங்கப் போன இடம் இந்த எண்ணூர்தான். பிற்பாடு ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் இந்தக் கழியில் எண்ணெய் படர்ந்து, செம்படவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. இன்று எண்ணூருக்குக் காற்று வாங்கப் போகிறவர் யாருமில்லை. இதைப் பழவேற்காடு போய்ச் சேரும் வரையில் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

அத்திப்பட்டில் உப்பளங்களும் மீஞ்சூருக்கப்பால் வயல்களும் கண்ணுக்குத் தென்படும். பொன்னேரி வந்துவிடும்.

ரெயில் வருமுன் இந்தப் பிரயாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், படகில்தான். 1806ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் கால்வாய் ஒன்று வெட்டத் தொடங்கினார்கள். அது பின்னர் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு வடக்கே ஆந்திர தேசத்துக்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த கொடிய பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாத ஏழைகளைக் கொண்டு அதை மேலும் தோண்டினார்கள். அக்காலத்துக் கவர்னரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதுவே பக்கிங்காம் கால்வாய். மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கால்வாய்க்கும் வைத்ததாகத் தெரியவில்லை.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். "முதல் முதல் கல்லறையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் குழந்தைகளுக்கு அங்கேதான் உற்சாகம் பிறக்கும். வாயிலின் இருபுறத்திலும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு காவல் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய கற்பலகைகளில் குலச் சின்னங்களும் டச்சு மொழி எழுத்துக்களும் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் இந்த இடத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். கற்களின்மேல் ஏறி உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதைக் குழந்தைகளும், அவர்களைக் காட்டிலும் பெரியவர்களும், தவிர்க்கவேண்டும்.

இந்த டச்சுக்காரர் யார், இங்கே எதற்காக வந்தார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்தோனேசியத் தீவுகளில் விளையும் ஜாதிக்காயும் கிராம்பும். அத்தீவினர் அதற்கு விலையாகக் கேட்டது பொன்னல்ல, நம் சோழ மண்டலக் கரையில் நெய்த துணி. ஆகவே துணி கிடைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். 1610ஆம் வருஷத்தில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழிக்கவே, 1613இல் ஜெல்டிரியா என்று ஒரு கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழ மண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரமே இதுதான். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

நம் பட்டணத்துக்கும் இந்தக் கதையில் சம்பந்தம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர் காலூன்றிவிட்டபடியால் இங்கிலீஷ்காரருக்கு அங்கே வியாபாரம் சரிப்படவில்லை. ஏரிக்கு வடக்கே ஆறுமுகம் துறையில் 1626இல் ஒரு பண்டகசாலை வைத்தார்கள், அதுவும் சுகப்படவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டு தெற்கே வந்த பிரான்ஸிஸ் டே என்பவர் கண்ணில் பட்டதே சென்னப் பட்டணத்து மணல்வெளி. 1639இல் அதற்குச் சாஸனம் கிடைத்தது. பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் யானைக்கவுனி என்ற பெயரே உலகத்தில் ஏற்பட்டிராது.

கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர்களும் மேடுகளும் அகழியின் தடமுமே மிச்சம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். இந்தக் கரையிலிருந்து துணி மூட்டைகள் மாத்திரம் கப்பல் ஏறவில்லை. பஞ்சத்தில் அடிபட்டும் போரில் சிறைப்பட்டும் விற்கப்பட்ட நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கற்பலகையும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அழகிய எழுத்துக்களைக் கண்ட குழந்தைகளுக்கு, எழுதப்படாத இந்தப் பெயர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்வது நம் கடமை.

துணியின் பெருமையையும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பாளையக்காட்டு லுங்கி' என்று பெயர் கேட்டிருப்பீர்கள். அது பாளையமும் அல்ல, பாலக்காடும் அல்ல. பழவேற்காடே அப்படித் திரிந்தது. மலாய் நாட்டில் இன்றும் அத்தகைய கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்றே அழைக்கிறார்கள். ஊர் சிறுத்துவிட்டது, பெயர் மாத்திரம் கடல் கடந்து வாழ்கிறது.

இதே டச்சுக்காரர்கள் 1609ஆம் வருஷத்தில் ஜப்பான் தேசத்தின் மேற்குக் கோடியில் ஹிராடோ என்னும் சிறு கடலோர ஊரிலும் பண்டகசாலை வைத்தார்கள். 1639இல் அங்கே கட்டிய கல் கட்டடத்தில் கிறிஸ்துவ வருஷம் பொறித்திருந்ததைக் காரணம் காட்டி ஜப்பானிய அரசாங்கத்தார் அதை இடிக்கச் செய்து, டச்சுக்காரரை நாகசாகிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் 2011இல் ஹிராடோ ஊரார் அதே கட்டடத்தைப் பழைய மாதிரியில் திரும்பக் கட்டிக் காட்சிசாலையாக்கியிருக்கிறார்கள். தங்களிடம் வந்து போனவர்களின் கதையையும் தங்கள் கதையாகவே வைத்துக் காட்டும் சாமர்த்தியம் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு வருஷ வித்தியாசத்தில் அதே கும்பினியார் வந்திறங்கிய நம் பழவேற்காட்டிலோ கோட்டையைத் தேட முட்புதரை விலக்கவேண்டியிருக்கிறது.

கோட்டையிலிருந்து ஊருக்குள் நடந்தால் விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. செம்புறைக்கல்லால் கட்டிய கோயில் அது. இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். கதை தெரிந்த குழந்தைகளை விட்டு, இது எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. மகிமை மாதா கோயிலும் மரைக்காயர் தெருக்களின் பள்ளிவாசல்களும் அருகருகே இருக்கின்றன. நடை தூரத்துக்குள் மூன்று மதத்தினரும் கடலை நம்பி வாழ்ந்த பழைய துறைமுகம் இது.

இனி ஏரி. ஒரிஸ்ஸாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் உள்ள உவர்நீர் ஏரிகளில் பெரியது இதுவே. சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியின் ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான் என்றால் குழந்தைகள் நம்பமாட்டார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடுப்புப் போல் கிடக்கும் நீண்ட தீவு ஸ்ரீஹரிகோட்டா. நம் விண்கலங்கள் கிளம்பும் இடம்.

அந்த ஆழமில்லாத தண்ணீரைத் தேடித்தான் ஐப்பசி முதல் பங்குனி வரையில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. தலையைக் கீழாகக் கவிழ்த்து, அலகினால் சேற்று நீரை வடிகட்டித் தின்னும் விசித்திரப் பறவை அது. அதன் சிவப்பு, பிறவியில் வந்ததல்ல. தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள சாயமே இறகில் ஏறுகிறது. கூழைக்கடாக்களும் உள்ளான்களும் உடன் வரும். பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கவேண்டும்; வீட்டில் தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தால் எடுத்துப் போகலாம். கல்லெறிந்தும் கைதட்டியும் அவற்றைக் கிளப்பிப் பறக்கவிட்டுப் பார்ப்பது பெரும் பாவம். பல காதம் பறந்து வந்து இரை தின்னும் ஜீவனை எழுப்பி விரட்டுவது, உண்ண உட்கார்ந்த விருந்தாளியை இலையிலிருந்து எழுப்புவதற்குச் சமானம்.

ஏரியின்மேல் பாலம் இருக்கிறது. அதைக் கடந்தால் கலங்கரை விளக்கமும் மீனவர் குப்பங்களும், அவற்றுக்கப்பால் கடற்கரையும். இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. யாராவது, "வாருங்கள், படகில் முகத்துவாரம் வரை சுற்றிக் காட்டுகிறோம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25ஆம் தேதி, விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பத்தார் அப்படி ஏறிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் மாண்டார்கள். நம்மைப் போன்ற குடும்பம்; நாம் போக நினைக்கும் அதே விடுமுறை. அதற்குப் பிறகு உல்லாசப் பிரயாணிகளைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது. ஏரி ஆழமில்லாததாயினும், முகத்துவாரத்தில் கடல் நீரும் ஏரி நீரும் மோதும் வேகம் நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும். நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள் என்று பேரம் பேசுகிறவர், எதைப் பேரம் பேசுகிறோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சிக்கனத்தைப் பற்றி நாம் சொல்ல விரும்புவதும் இங்கேதான் இருக்கிறது. சிக்கனம் என்பது நம் செலவைக் குறைத்துக்கொள்வது; பிறர் கூலியைக் குறைப்பது சிக்கனமாகாது. அதிகாலையில் எழுந்தால் வாடகைக் கார் மிச்சம். நடந்தால் ஆட்டோ மிச்சம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டால் ஹோட்டல் மிச்சம். தண்ணீரை வீட்டுக் கூஜாவில் கொண்டு போனால் பிளாஸ்டிக் புட்டியும் மிச்சம், ஏரிக்கும் நல்லது. இவையெல்லாம் நம் உடம்பு உழைத்து மிச்சப்படுத்துவது. அப்படி மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை அந்த ஊரிலேயே விட்டு வரவேண்டும்.

விடுவதற்கு வழியும் உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்மணிகள் பனங்குருத்தோலைக்குச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். "ஓலைப் பெட்டிக்கா அம்மா இந்த விலை?" என்று சிலர் கேட்பதுண்டு. ஓலைக்கு என்ன விலை? விரலுக்குத்தான் விலை. ஓலையைக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி, சாயம் தோய்த்து, ஈர்க்கு ஈர்க்காகப் பின்னுவதற்கு ஆகும் பொழுதைக் கணக்கிட்டால் கேட்ட விலை குறைவு என்றே தோன்றும். பிறந்த நாளுக்குக் கொடுக்கும் பளபளப்பான காகிதப் பெட்டிக்குப் பதிலாக அதில் ஒன்று வாங்கி வைத்தால் பத்து வருஷம் உழைக்கும். மாமிசம் புசிக்கும் குடும்பத்தார் ஏலத் துறையில் மடவை மீனும் இறாலும் நண்டும் வாங்கலாம். இங்கே பிடிக்கும் சேற்று நண்டு வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது.

அந்த மீனவர்களிடம் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். வலுத்தவன் அதை வளைத்துக்கொள்ளாதபடி, குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குள் முறை வைத்து, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று வலை போடுகிறார்கள். எழுதிய சட்டப் புத்தகம் வராத காலத்திலேயே ஏற்பட்ட ஏற்பாடு இது. இதிலும் சச்சரவுகள் இல்லாமலில்லை. ஆயினும் ஒரு நீர்நிலையைப் பலர் பங்கிட்டு உண்ணவேண்டுமென்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது.

அந்த ஏரிக்கு இப்போது சங்கடம் வந்திருக்கிறது. கடலலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே வருவதால், கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரி வெப்பத்தில் வற்றி உப்பு ஏறும், பிழைப்பு போகும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் ஏற்பட்டபின் கரையின் போக்கு மாறி வருவதாக மீனவர்கள் அஞ்சுகிறார்கள். துறைமுகம் நாட்டுக்கு வேண்டியதுதான். எண்ணூர்க் கழி ஒன்றை இழந்தோம் என்பதற்காக நாட்டில் ஆலையே கூடாது என்று சொல்லுவது அறிவுடைமையாகாது. ஆனால் ஒரு இடத்தை இழக்கிறோமா, இல்லையா என்று சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, அந்த இடம் எப்படியிருக்கும் என்று தெரிந்த ஜனங்கள் வேண்டுமல்லவா? எண்ணூருக்குப் பரிந்து பேச அத்தகையவர் நகரத்தில் அதிகம் பேர் இல்லை. பத்து ரூபாய்ச் சீட்டில் பழவேற்காட்டைக் கண்டு திரும்பும் ஒவ்வொரு குழந்தையும் நாளைக்கு அதற்கு ஒரு சாட்சி.

ஆகவே வரும் விடுமுறையில் ஒரு நாளைப் பழவேற்காட்டுக்கு ஒதுக்குங்கள். போகிறவர்கள் கவனத்துக்குச் சில குறிப்புகள்: தலைக்குத் துணியோ தொப்பியோ அவசியம், ஏரிக் கரையில் நிழல் அரிது. குழந்தைகள் கடலில் இறங்குவது கணுக்காலோடு நிற்கட்டும். இலையும் காகிதமும் கொண்டு போன பையிலேயே திரும்பி வரட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருக்களில் கூச்சல் வேண்டாம். திரும்பும் பஸ் எப்போது என்பதை இறங்கியவுடனே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்த பின், 'விடுமுறையில் நான் கண்ட இடம்' என்று வழக்கம் போல் வியாசம் எழுதச் சொல்லுவோம். இந்த வருஷமாவது, மெரீனாவில் சுண்டல் தின்ற வியாசங்களுக்கிடையே பூநாரையைப் பற்றி நாலைந்து வந்தால், மார்க்குப் போடுவதில் நாமும் கொஞ்சம் தாராளமாகவே இருப்போம்.